காணாமல் போனவரைத் தேட ஒரு நாயைப் பழக்குவது எப்படி?

கோத்தகிரி அருகே வசிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: தம் வீட்டில் ஒன்பது மாத லாப்ரடார் ஒன்று இருக்கிறது, ஒளித்து வைத்த எதையும் மோப்பம் பிடித்து எடுத்துவிடுகிறது, தேயிலைத் தோட்டங்களிலும் சோலைக்காடுகளிலும் வழிதவறிப் போகிறவர்களையும், மழைக்காலத்தில் மண்சரிவில் சிக்குகிறவர்களையும் தேட அதைப் பழக்க முடியுமா, எங்கே தொடங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும்?

பழக்க முடியும். ஆனால் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக நாய்களையும் அவற்றைக் கையாள்வோரையும் பழக்கி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோப்பம் பிடிக்க எந்த நாய்க்கும் நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயிரம் வாசனைகளுக்கு நடுவே எந்த வாசனை வேலைக்குரியது, அதைக் கண்டபின் எப்படி அறிவிக்க வேண்டும், அந்த வாசனை இல்லாத இடத்தில் இல்லை என்றே காட்டிவிட்டு எப்படி நகர வேண்டும் என்பவற்றைத்தான் நாம் கற்றுத்தருகிறோம். ஆர்வமுள்ள நாய் இவற்றின் அடிப்படையைச் சில மாதங்களில் பிடித்துக்கொள்கிறது. கயிற்றின் மறுமுனையில் இருக்கும் மனிதர், நாய் சொல்வதைப் படிக்கவும், தம் ஊகத்தை அதன்மேல் ஏற்றாமல் இருக்கவும் பழகுவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மண்சரிவு அடித்துச் சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பலியான 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீட்புக் குழுவினர் நாள்கணக்கில் தேடிக்கொண்டிருந்தபோது, குவி என்ற வீட்டு நாய், தன் வீட்டின் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை எட்டு நாள் கழித்து ஆற்றில் காட்டிக்கொடுத்தது. அதற்கு யாரும் பயிற்சி தந்திருக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டுப் பயிற்சியே தேவையில்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. குவி தேடியது, தான் கூடவே வளர்ந்த ஒரே ஒரு குழந்தையை. பணிக்குப் போகும் நாயோ, தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரை, ஜேசிபி இரைச்சலுக்கும் டீசல் புகைக்கும் அழுகைச் சத்தத்துக்கும் நடுவே, அதே தவிப்போடு தேட வேண்டும். மறுநாள் இன்னொருவரை அப்படியே தேட வேண்டும். முன்பின் தெரியாதவருக்காக அந்தத் தவிப்பை உண்டாக்குவதுதான் எங்கள் வேலையின் சாரம்.

மூக்கின் வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பிறகு வரும் விதிகளுக்கெல்லாம் காரணம் விளங்கும். நாயின் மூக்கில் வாசனை உணரும் செல்கள் இனத்துக்கேற்ப 10 கோடியிலிருந்து 20 கோடிக்கு மேலும் இருக்கின்றன. மனித மூக்கில் 50, 60 லட்சம் என்பார்கள். எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம். நாய் உள்ளிழுக்கும் காற்று நாசிக்குள் பிரிந்து, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பின்பக்கத்தில் வாசனைக்கென்றே உள்ள பகுதிக்குப் போக, மீதி நுரையீரலுக்குப் போகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கி வெளியேறுவதால், முன்னால் தரையில் இருக்கும் வாசனை கலைவதில்லை. ஊன்றி மோப்பம் பிடிக்கும்போது வினாடிக்கு ஐந்து முறை அளவில் இப்படி இழுத்து விடுகிறது. வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கிய நாயால் இதைச் செய்ய முடியாது. உடல் சூட்டைத் தணிப்பதற்கே அதற்கு மூச்சு போதாது. ஆகவே சமவெளியில் வசிப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி, காலை ஏழரை மணிக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்பது. உங்கள் மலையில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

நாய் பின்தொடரும் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? நம் உடலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் தோல் செதில்கள் உதிர்கின்றன. அவற்றோடு ஒட்டியிருக்கும் வியர்வையும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனி வாசனையைத் தருகின்றன. கனமான செதில்கள் காலடியிலேயே விழுகின்றன; லேசானவை காற்றில் மிதந்து புதரடியிலும் பள்ளத்திலும் சுவரோரத்திலும் தங்குகின்றன. நடக்கும்போது நசுங்கிய புல்லும் கிளறிய மண்ணும் தம் பங்குக்கு வேறொரு வாசனையை எழுப்புகின்றன. நாய் இவை எல்லாவற்றையும் சேர்த்தே வாசிக்கிறது. எவ்வளவு நுட்பமாக வாசிக்கிறது என்பதற்கு ஒரு சான்று: வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவர் எந்தத் திசையில் நடந்து போனார் என்பதைக் கண்டுகொள்ளப் பழகிய நாய்களுக்கு ஐந்து காலடிகளின் வாசனை போதுமானதாக இருந்தது, மூன்று போதவில்லை. முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் இடையே சில வினாடி இடைவெளிதான் இருக்கும். அந்தச் சில வினாடியில் ஒரு வாசனை மற்றொன்றைவிடப் பழையதாகிவிட்டதை நாயால் உணர முடிகிறது.

வேலையை மூன்று வகையாகப் பிரிக்கிறோம். டிராக்கிங் என்பது காலடித் தடத்தை அடிக்கு அடி, மூக்கைத் தரையோடு வைத்துப் பின்பற்றுவது. டிரெய்லிங்கில் நாய்க்கு ஒரு குறிப்பிட்ட நபரின் துணியை முகரக் கொடுக்கிறோம். அந்த நபரின் வாசனை எங்கே போகிறதோ, அது தடத்திலிருந்து பத்தடி விலகியிருந்தாலும், அதன் வழியே நாய் போகும். மூன்றாவது ஏர் சென்ட் எனப்படும் காற்று மோப்பம்: நாயைக் கயிறில்லாமல் அவிழ்த்துவிட்டு, அந்தப் பகுதியில் மனித வாசனை எங்கிருந்து வந்தாலும் அதன் ஊற்றைத் தேடிப் போகச் செய்வது. வழிதவறியவர் எங்கே கிளம்பினார் என்பது தெரிந்து, ஆள் நடமாட்டமும் குறைவாக இருந்தால் முதல் இரண்டும் உதவும். எங்கே கிளம்பினார் என்றே தெரியாத காட்டிலும், இடிபாடுகளிலும் காற்று மோப்பமே கைகொடுக்கும். உங்கள் பகுதிக்கும் உங்கள் நாய்க்கும் காற்று மோப்பமே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனாலும் முதல் ஆறு மாதம் தடம் பிடிக்கப் பழக்குங்கள். பொறுமையாக வேலை செய்யும் குணம் நாய்க்கு அதில்தான் வருகிறது, உங்களுக்கும்தான்.

அதற்கு முன், நாய் இந்த வேலைக்கு ஏற்றதா என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பிடித்த பந்தை இடுப்பளவு புல்லுக்குள் அதன் கண்ணெதிரே வீசுங்கள். உடனே விடாமல் நாயைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, முப்பது வினாடி நிறுத்தி, பிறகு விடுங்கள். ஓடிப்போய் அரை நிமிடம் தேடிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பி வருகிறதா, அல்லது ஐந்து நிமிடமானாலும் உங்களை மறந்து தேடிக்கொண்டே இருக்கிறதா? இரண்டாவது வகை நாய்தான் வேண்டும். வீட்டில் ஒளித்து வைத்ததை எடுப்பது நல்ல அறிகுறி, ஆனால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது. களைப்பிலும் புதிய இடத்திலும் கைவிடாமல் தேடுவதுதான் கேள்வி. பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளியும் நாயையும், அறியாதவர்களைக் கண்டு உறுமும் நாயையும் இந்த வேலைக்கு வற்புறுத்துவது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடும் என்பதால், ஒரு வயதைக் கடந்ததும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதுவரை உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள்.

நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு பாய்ந்து பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கும் நல்ல மூக்கு உண்டு. ஆனால் தலையைத் தூக்கித் தொடுவானத்தைப் பார்ப்பதே அவற்றின் இயல்பு. பழக்க முடியும், காலம் கூடுதலாகும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய் ஆகியவற்றைப் படைகள் விரும்புவதற்கு மூக்கு மட்டும் காரணமில்லை. மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதே அவற்றுக்குப் பரிசாக இருக்கிறது.

இனித் தடம் போடுவது. பனி ஈரம் உள்ள புல்தரையைத் தேர்ந்தெடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்றானால் நாய் தலையைத் தூக்கி, தூரத்தில் இருக்கும் உணவை நேராக முகர்ந்து, குறுக்கே ஓடப் பழகிவிடும். தொடங்கும் இடத்தில் ஒரு சதுர அடியை நன்றாக மிதியுங்கள். அங்கிருந்து குதிகாலும் நுனிக்காலும் ஒட்டினாற்போல் இருபது அடி எடுத்து வைத்து, ஒவ்வொரு காலடியிலும் விரல்நுனி அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை வையுங்கள். முடிவில் கையுறையோ பர்ஸோ ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒரு பிடி உணவு. பத்து நிமிடம் கழித்து நாயைக் கழுத்துப் பட்டையில் இல்லாமல், மார்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸில் கட்டி, பத்து மீட்டர் கயிற்றோடு கொண்டுவாருங்கள். ஹார்னஸ் மாட்டினால் தேடும் வேலை, கழுத்துப் பட்டையில் கட்டினால் உலாவல் என்று சில வாரங்களிலேயே அதற்குப் புரிந்துவிடும். பேசாதீர்கள், விரலால் காட்டாதீர்கள், இழுக்காதீர்கள். அது ஒவ்வொரு காலடியாகத் தின்றுகொண்டு போகட்டும்.

வாரம் மூன்று முறை, ஒரு நாளில் இரண்டு தடத்துக்கு மேல் வேண்டாம். உணவைக் காலடிக்கொன்று என்பதிலிருந்து ஐந்து காலடிக்கொன்று, இருபதுக்கொன்று என்று குறைத்துக்கொண்டே போய், தடத்தின் நீளத்தையும் பழமையையும், அதாவது தடம் போட்டபின் நாயை விடும்வரை காத்திருக்கும் நேரத்தையும், கூட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் கூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. திருப்பம், மற்றொருவர் குறுக்கே நடந்த தடம், புல்லிலிருந்து மண் சாலைக்கு, மண்ணிலிருந்து தாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தார்ச் சாலையும் சிமென்ட் தரையும் வாசனையை அதிக நேரம் வைத்திருப்பதில்லை. அங்கே நாய் சாலையின் நடுவை விட்டுவிட்டு ஓரத்துப் புல்லுக்கும் கால்வாய்க்கும் மூக்கைக் கொண்டுபோனால் அது தவறு செய்யவில்லை, செதில்கள் ஒதுங்கிய இடத்தைத்தான் தேடுகிறது.

என் முதல் பெண் நாய் பொன்னியோடு நடந்ததைச் சொல்கிறேன். அறுவடை முடிந்த கேழ்வரகு வயலில் நண்பர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு முன் தடம் போட்டிருந்தார். எங்கே திரும்பினார் என்பது எனக்குத் தெரியும், வரப்பை ஒட்டிய வேப்பமரத்துக்கு நேராக இடப்பக்கம். மரத்துக்கு முன்பே பொன்னி வேகம் குறைந்து, தலையை ஒரு விரற்கடை தூக்கி வலப்பக்கம் வெட்டியது. வால் விறைத்து, மூச்சுச் சத்தம் சட்டென்று மாறியது. நான் கயிற்றைச் சற்றே இறுக்கினேன். இழுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தோல் கயிறு என் விரல்களில் அழுந்திய அளவுதான். அது நின்றது, என்னைத் திரும்பிப் பார்த்தது, பிறகு நான் நினைத்த இடப்பக்கமே போயிற்று. இருபது அடி போனபின் தடமும் இல்லை, நாயின் ஆர்வமும் இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: நண்பர் முள் கிடந்ததால் மரத்துக்கு முன்பே வலப்பக்கம் திரும்பி, சுற்றி வந்திருக்கிறார். பொன்னி சரியாகச் சொன்னது. நான் அதைப் பொய் சொல்ல வைத்தேன். அடுத்த மூன்று வாரம் அது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என் முகத்தைப் பார்த்தது. உண்மையான தேடலில் இது நடந்திருந்தால் ஒரு மனிதரின் உயிர் அந்த விரல் அழுத்தத்தில் போயிருக்கும். அன்றிலிருந்து கயிற்றை நான் இறுக்கிப் பிடிப்பதில்லை; உள்ளங்கையில் ஓட விடுகிறேன்.

இது என் ஒருவனின் பலவீனம் இல்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையில், போதைப்பொருளும் வெடிபொருளும் தேடப் பழகிய 18 நாய்களும் அவற்றைக் கையாள்வோரும் பங்கேற்றனர். தேடும் அறைகளில் அந்தப் பொருள்கள் எதுவுமே வைக்கப்படவில்லை. ஆனால் வைத்திருப்பதாகக் கையாள்வோர் நம்ப வைக்கப்பட்டனர், சில இடங்களில் அடையாளமாகச் சிவப்புக் காகிதமும் ஒட்டப்பட்டிருந்தது. நடந்த 144 தேடல்களில் எதுவும் இல்லை என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. மற்ற எல்லாவற்றிலும் குறைந்தது ஒரு முறையாவது, நாய் கண்டுவிட்டதாகக் கையாள்பவர் அறிவித்தார்; அதுவும் அந்தக் காகிதம் ஒட்டிய இடங்களிலேயே அதிகம். நாய் நம் தோள், மூச்சு, நடை, நின்று பார்க்கும் பார்வை எல்லாவற்றையும் படிக்கிறது. நாமும் எதிர்பார்த்ததையே அதன் நடத்தையில் காண்கிறோம். எனவே மூன்றாம் மாதத்திலிருந்து தடம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. ஆறாம் மாதத்திலிருந்து, அருகில் நின்று பார்ப்பவருக்கும் தெரியக் கூடாது. அவ்வப்போது யாருமே ஒளிந்திராத பகுதியில் தேட விட்டு, நாய் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவதையும் பாராட்டுங்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் நாய் தவறிய இடங்களைக் காட்டிலும், நீங்கள் குறுக்கிட்ட இடங்களை ஒழுங்காக எழுதுங்கள்.

நம் உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், புலனாய்வுக்கு மோப்பநாயைப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் மோப்பத்தையே சாட்சியமாகக் கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்ததும் இதனால்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. நாயின் மூக்கை நான் சந்தேகிக்கவில்லை. அது சொன்னதை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர் ஒரு மனிதர், அவரைத்தான் சோதிக்க வேண்டும்.

காற்று மோப்பப் பயிற்சி விளையாட்டாகவே தொடங்கும். நாய்க்குப் பழக்கமான ஒருவர் அதன் பந்தைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு ஓடிப்போய் முப்பதடி தூரத்தில் ஒரு மரத்தின் பின் மறைகிறார். விட்டதும் நாய் ஓடிப்போய்க் கண்டுபிடிக்கிறது. பரிசும் கொண்டாட்டமும் ஒளிந்தவரிடமிருந்தே கிடைக்கின்றன. இது மிக முக்கியம். காணாமல் போனவரே பரிசின் ஊற்று என்று நாய் நம்ப வேண்டும். பரிசை எப்போதும் நீங்களே தந்தால், அது உங்களிடம் திரும்பி வருவதில்தான் ஆர்வம் காட்டும். பிறகு ஒளிபவர் மாற வேண்டும்: குழந்தை, முதியவர், போர்வை போர்த்திப் படுத்திருப்பவர், மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர், மழைக்கோட்டுப் போட்டவர். கண்டதும் எப்படி அறிவிப்பது என்பதை முன்பே தீர்மானியுங்கள். இடிபாடுகளில் நாய் கண்ட இடத்திலேயே நின்று விடாமல் குரைக்க வேண்டும். அடர்ந்த காட்டில் உங்களிடம் ஓடிவந்து உங்கள் பையில் தொங்கும் துணியைக் கடித்து இழுத்து, மறுபடி உங்களை அழைத்துப் போவது நல்லது, குரைப்பு மலைமடிப்பில் கேட்காமல் போகலாம். இரண்டையும் ஒரே நாயிடம் கலக்காதீர்கள்.

தேடும் பகுதியில் காற்றுக்குக் குறுக்காகப் போங்கள். அப்போதுதான் தூரத்திலிருந்து மிதந்துவரும் வாசனை நாயின் வழியைக் கடக்கும். காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஓர் ஊதுவத்தியைக் கையில் வைத்திருங்கள். நீலகிரியில் இது உங்களுக்குப் பெரிய பாடம் கற்றுத்தரும். வெயில் ஏறியதும் சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும். சூரியன் சாய்ந்ததும் குளிர்ந்த காற்று ஓடைவழியே கீழே இறங்கும். அதிகாலையில் பள்ளத்தாக்கின் அடியில் நாய் காட்டும் ஆர்வத்துக்கு உரியவர் ஒரு கிலோமீட்டர் மேலே ஓடைக்கரையில் இருக்கக்கூடும். ஆகவே நாய் தலையைத் தூக்கிய இடம், நேரம், காற்றின் திசை மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். அப்படி நான்கைந்து குறிப்புகள் சேர்ந்தால், அவற்றிலிருந்து காற்றின் எதிர்த்திசையில் கோடு இழுக்க, எல்லாம் ஓரிடத்தில் கூடுவதைக் காணலாம்.

இடிபாட்டுத் தேடல் தனி உலகம். அதற்கு வீட்டுப் பயிற்சி போதாது. அசையும் பலகை, ஏணி, இருட்டுக் குழாய், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் ஆகியவற்றின்மேல் நாய் நிதானமாகக் கால் வைக்கப் பழக வேண்டும். கழுத்துப் பட்டையும் ஹார்னஸும் கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் எதுவும் இல்லாமலேயே அனுப்புவார்கள். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி நிலநடுக்கத்துக்குப் பின் துருக்கிக்குப் போன நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் வேலையில் நான் மதிக்கும் ஒரு தருணம் உண்டு. காஸியான்டெப் மாகாணத்தின் நுர்தாகியில் இடிந்த கட்டடத்தின்மேல் ஜூலி என்ற லாப்ரடார் குரைத்தது. அதை மட்டும் நம்பித் தோண்டத் தொடங்கிவிடாமல், ரோமியோ என்ற இரண்டாவது நாயைத் தனியே விட்டார்கள்; அதுவும் அதே இடத்தில் குரைத்தது. அதன்பின் தோண்டி, ஆறு வயதுச் சிறுமியை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டாவது நாய் என்பது முதல் நாயின்மேல் அவநம்பிக்கை இல்லை. தவறான இடத்தில் ஆறு மணி நேரம் தோண்டினால், சரியான இடத்தில் இருப்பவர் இறந்துவிடுவார்.

இறந்தவர்களைத் தேடுவதற்கு வேறு நாய்களைப் பழக்குகிறார்கள், உயிரோடு இருப்பவரைத் தேடும் நாயையே இதற்கும் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை. 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை மண்சரிவில் கேரளக் காவல்துறையின் மாயா, மர்ஃபி என்ற இரண்டு பெல்ஜியன் மாலினாய் நாய்கள் இந்தப் பணியைச் செய்தன. 2025இல் தெலங்கானாவில் இடிந்த சுரங்கப் பாதைக்கும் கேரளக் காவல்துறையின் நாய்கள் போயின. ஈரமண் வாசனையை மூடிவிடும் என்பதால், சேற்றில் இரும்புக் கம்பியைக் குத்தித் துளைகள் போட்டு, வாசனை மேலே வரச் சற்று நேரம் கொடுத்து, பிறகு நாயை விடுவது ஒரு முறை. சரிவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் வாசனை உடலுக்கு நேர் மேலே வராமல் கீழே பல அடி தள்ளி வெளிப்படும். மூக்கு காட்டும் இடத்தையும் தோண்டும் இடத்தையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. நாள்கணக்கில் உயிருள்ள யாரையும் காணாத நாய் சோர்ந்துபோகும். 2001இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளில் பல நாய்களுக்கு அப்படி நேர்ந்தபோது, மீட்புப் பணியாளர்கள் தாமே ஒளிந்துகொண்டு அவற்றைக் கண்டுபிடிக்க விட்டார்கள். அன்றைய வேலை முடிந்ததும் உயிருள்ள ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போக நாய்க்கு உரிமை உண்டு.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். வாரம் மூன்று நாள் தவறாமல் செய்தால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகும் பணியிலிருக்கும் காலமெல்லாம் பயிற்சி தொடர வேண்டும்; எட்டு, ஒன்பது வயதில் ஓய்வு கொடுங்கள். தனியாகச் செய்ய முயலாதீர்கள்: தடம் போடவும் ஒளியவும் நான்கைந்து பேராவது வேண்டும், உங்களைத் திருத்த அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். முதலுதவி, வரைபடம் படித்தல், வயர்லெஸ் பேசுதல் ஆகியவற்றை நீங்கள் கற்க வேண்டும். ஒரு பேரிடர் நடந்தால் நாயோடு நீங்களாகப் போய் நிற்காதீர்கள். மாவட்ட நிர்வாகமோ காவல்துறையோ அழைத்தால் மட்டும் போங்கள். மாநிலத்தில் இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் போகும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. சோதிக்கப்படாத ஒரு நாய் அவர்களுடைய நாய்களின் வேலையைக் குலைக்கும்.

உங்கள் நாய் தயாராவதற்கு முன்பே உங்கள் ஊரில் யாராவது காணாமல் போனால் நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்ய ஆளில்லாமல்தான் பல தேடல்கள் வீணாகியிருக்கின்றன. காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் கயிறு கட்டி, அதற்குள் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறவினரும் ஊரும் அங்கே கூடி மிதித்துவிட்டால் மோப்பநாய்க்கு மிஞ்சுவது கூட்டத்தின் வாசனைதான். அவர் மட்டும் பயன்படுத்திய, துவைக்காத துணி ஒன்றை, தலையணை உறையோ காலுறையோ பனியனோ, கையால் தொடாமல் குச்சியாலோ உள்வெளி திருப்பிய சுத்தமான பிளாஸ்டிக் பையாலோ எடுத்து, வாயைக் கட்டி, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். வீட்டு அழுக்குக் கூடையிலிருந்து எடுக்க வேண்டாம், அதில் எல்லாருடைய வாசனையும் கலந்திருக்கும். தவறிப்போய் யாராவது தொட்டிருந்தால் அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள். நாய் வந்ததும் முதலில் அவரை முகர்ந்துவிட்டு, துணியில் மிஞ்சியிருக்கும் மற்றொரு வாசனைக்கு உரியவரைத் தேடிப் புறப்படும்.